முதலில் கேள்வி, பிறகு படம்: யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் சிறப்பு மலர்களை வடிவமைக்கும் ஒரு நிலையம் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் சிறப்பு மலர் வெளியிடாத சங்கத்தைக் காண்பது அரிது. பாடசாலைக்கு நூற்றாண்டு மலர், கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர், ஓய்வுபெறும் அதிபருக்கு மணிவிழா மலர், மறைந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகம் என்று ஆண்டு முழுவதும் ஏதோவொன்று அச்சேறிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வெளியீட்டு விழாவன்று ஒரு தடவை புரட்டப்பட்டு, தத்தமது படம் வந்திருக்கிறதா என்று பார்க்கப்பட்டு, அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. வலிகாமத்திலுள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் 1949இல் தொடங்கப்பட்டது. அதன் 75ஆவது ஆண்டு மலரை 2024இல் வெளியிடுவதற்கு அமைத்த குழுவின் செயலாளர் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற ஒரே தகுதியால் என் தலையில் விழுந்தது. மலரின் வடிவமைப்பைத் திருநெல்வேலியிலுள்ள ஒரு சிறிய நிலையத்திடம் ஒப்படைத்தோம். ஏழு மாதங்கள் அவர்களோடு பழகியதில் நான் கண்டவற்றை, மலர் வெளியிடும் எண்ணத்திலுள்ள மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் வடிவமைப்பு நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நிலையத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஓவியமும் அட்டைப்படமும் ஓர் இளைஞரின் வேலை. பக்கங்களை அமைப்பது இன்னொருவருடைய வேலை. மூன்றாமவர் பெண். அவர் படம் வரைவதுமில்லை, பக்கம் அமைப்பதுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர் என்று பிறகு அறிந்தேன். வந்திருப்பவர் கணக்குப் பார்க்கும் பிள்ளை, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதத்தான் அருகில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதல் நாள் நாங்கள் நினைத்துக்கொண்டோம். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அவரைப் பற்றியதாகவே அமையப்போகிறது. மற்ற இருவரையும் போன்ற திறமைசாலிகள் யாழ்ப்பாண நகரில் வேறு பலரும் இருக்கிறார்கள். மூன்றாமவரைப் போன்ற ஒருவரை வடிவமைப்புக் குழுவுக்குள் உட்கார வைத்திருக்கும் இடத்தை நான் இதற்குமுன் கண்டதில்லை.

முதல் சந்திப்புக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். வழக்கமாக இத்தகைய இடங்களில் கணினித் திரையைத் திருப்பி, முன்பு செய்த அட்டைகளைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். இங்கே திரை திரும்பவில்லை. அந்தப் பிள்ளை ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்து, கோடிட்ட பக்கத்தின் இடது ஓரத்தில் இலக்கங்களை வரிசையாக எழுதிவிட்டு, "சேர், இந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டார். ஊர்ச்சனங்கள் என்றோம். ஊரில் இப்போது எத்தனை குடும்பம், வெளிநாட்டில் எத்தனை, வாசிப்பவரின் வயது ஏறக்குறைய என்ன, மலர் கையில் கொடுக்கப்படுமா தபாலில் போகுமா, வீட்டில் எங்கே வைக்கப்படும் என்று கேள்விகள் தொடர்ந்தன. எங்கள் பொருளாளர் பொறுமையிழந்து, "பிள்ளை, நாங்கள் கலியாணப் பொன்னுருக்கலுக்கு நாள் வைக்க வரேல்லை, மலருக்கு அட்டை போட வந்தனாங்கள்" என்றார். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. 11ஆவது கேள்விக்குப் போனார். அன்று மொத்தம் 23 கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றில் ஒன்பதுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை என்பதை, கொப்பியில் விடப்பட்டிருந்த வெற்றிடங்களைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அந்தக் கேள்விகளின் பயன் ஒரு கிழமைக்குள் தெரிந்தது. எங்கள் குழு ஏகமனதாக ஏ4 அளவில், பளபளப்பான 128 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) தாளில் மலரை அச்சிடத் தீர்மானித்திருந்தது. அயலூர்க்காரர் அப்படித்தான் செய்திருந்தார்கள். அதைவிடக் குறைவாக நாங்கள் செய்வதாவது! இரண்டாம் சந்திப்பில் மேசையின்மேல் ஓர் இலத்திரனியல் தராசு இருந்தது. அவர் அயலூர் மலரைத் தராசில் வைத்தார். பிறகு தாளின் பரப்பையும் எடையையும் பெருக்கிக் காட்டினார். நாங்கள் கேட்ட தாளில் 192 பக்கம் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 800 கிராம். பீ5 அளவில், 80 ஜீ.எஸ்.எம். தாளில் அதே 192 பக்கம் 365 கிராம். பிரதிகளில் பாதிக்குமேல் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போக வேண்டியவை என்று நாங்களே முதல் நாள் சொல்லியிருந்தோம். தபாற் செலவை அவர் கூட்டிக் காட்டியபோது பொருளாளரின் முகம் மாறியது. அதோடு அவர் நிறுத்தவில்லை. வாசிப்பவர்களில் அதிகமானோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்றும் சொல்லியிருந்தோமல்லவா? பளபளப்புத் தாளைக் குழல் விளக்கின் கீழே விரித்து, எங்கள் தலைவரிடம் கொடுத்து, ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னார். ஒளி தெறித்ததால் தலைவர் புத்தகத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தார். மங்கலான தாளை யாரும் வாதாடாமலே ஏற்றுக்கொண்டோம். 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு, தாளின் விலை என்பது இன்னும் மனதிலிருந்து இறங்காத விடயம்.

அன்று திரும்பி வரும்போது குழுவில் ஒருவர், "அவ இடது மூளைக்காரி, உவைக்குக் கலை வராது" என்றார். பகுத்துப் பார்ப்பவர் இடது மூளையால் வாழ்கிறார், கலைஞர் வலது மூளையால் வாழ்கிறார் என்ற பேச்சு நம்மிடையே மெத்தப் பரவியிருக்கிறது. மூளையின் இரு பாதிகளும் சில தொழில்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது உண்மையே. அந்த ஆராய்ச்சிக்காக ரொஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மனிதர்களை இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று பிரிப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்த யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2013இல் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கலை வருமா என்ற கேள்விக்கு எங்கள் மலரே விடை வைத்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்குமுன் வாழ்த்துச் செய்திகளின் கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் சேர்ந்த ஆக்கங்கள் 197 பக்கங்களுக்கு வந்தன. அச்சுத்தாள் 16 பக்கங்களாக மடிக்கப்படுவதால் 192 அல்லது 208 பக்கமே சிக்கனம், 197 என்பது தாளை வீணாக்கும் எண் என்று அவர் விளக்கினார். எதைக் குறைப்பது என்று குழுவில் சண்டை தொடங்கும்முன் அவர் ஓர் அட்டவணையை வைத்தார். ஆசிச் செய்தியும் வாழ்த்துச் செய்தியும் சேர்ந்து 31. ஒவ்வொன்றும் ஒரு பக்கம். அவற்றில் 19 செய்திகளில் "மட்டற்ற மகிழ்ச்சியடைகின்றேன்" என்ற சொற்றொடர் முதல் மூன்று வரிக்குள் வருகிறது. 12 செய்திகளில் எங்கள் நிலையத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறெந்த நிலையத்தின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. மழைவீழ்ச்சி அளவை வாசிப்பதுபோல வாசித்தார். நாங்கள்தான் சிரித்தோம், எங்கள் தலைவருடைய செய்தியும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்பதால் சற்று அடக்கமாகவே சிரித்தோம். பக்கத்துக்கு இரண்டு செய்திகளாக அமைத்தால் போதும் என்பது அவருடைய யோசனை.

இனி, நான் மறக்க மாட்டாத பகுதி. எங்கள் நிலையத்தின் கூட்டக் குறிப்பேடுகள், கறையான் தின்றவை போக, பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. அவற்றை வரலாற்றுக் கட்டுரைக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வேறெவராயினும் பழைய கையெழுத்து அழகாயிருக்கும் இரண்டு பக்கங்களைப் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். அவர் எல்லாக் கூட்டங்களின் திகதியையும் வந்தோர் தொகையையும் ஒரு பட்டியலில் ஏற்றினார். மூன்று கிழமை பிடித்தது. பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு புள்ளியாக்கி, 75 ஆண்டுகளையும் ஒரு நீண்ட பட்டியாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல நெருங்கியிருந்தன. எண்பதுகளில் ஐதாகின. 1987இன் இறுதியில் ஓர் இடைவெளி. 1995க்கும் 1996க்கும் இடையே எல்லாவற்றிலும் நீண்ட இடைவெளி. அது என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நடந்தவர்கள்தானே நாங்கள்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார். 1995 ஒக்ரோபர் 22ஆம் திகதிக் கூட்டத்தின் கடைசித் தீர்மானம், உடைந்த ஆறு கதிரைகளைத் திருத்துவிப்பது. அதே பக்கத்தில், இரண்டு வரி இடம் விட்டு, வேறு மையில், 1996 யூலை 14ஆம் திகதிக் கூட்டம் தொடங்குகிறது: கதிரைகள் ஒன்றும் இல்லாதபடியால் பாய் விரித்துக் கூட்டம் நடைபெற்றது. இரண்டுக்கும் இடையே 266 நாள் என்று அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பேட்டை நான் செயலாளராகப் பலமுறை புரட்டியிருக்கிறேன். இரண்டு தீர்மானங்களிலும் கதிரை வருவதை ஒருநாளும் கவனித்ததில்லை.

ஓவியரான இளைஞர் அதுவரை மூன்று அட்டைகள் வரைந்திருந்தார்: பனைமரம், குத்துவிளக்கு, திறந்த புத்தகம். மூன்றும் அழகானவை, மூன்றும் நூறு மலர்களில் பார்த்தவை. சுவரிலிருந்த பட்டியைப் பார்த்த அன்று அவர் மூன்றையும் ஒதுக்கிவிட்டார். புள்ளிகளின் அந்தப் பட்டி மலரின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓட வேண்டும், கட்டுரை எந்தக் காலத்தைப் பேசுகிறதோ அந்த இடம் கறுத்துத் தெரிய வேண்டும், அட்டையில் படமே வேண்டாம், புள்ளிகள் மட்டும் போதும் என்றார். மலரின் நடுவே இரண்டு பக்கம் வெறுமையாக விடப்பட வேண்டும். இடப்பக்கத்தின் அடியில் ஒக்ரோபர்த் தீர்மானம், வலப்பக்கத்தின் அடியில் யூலைத் தீர்மானம், வேறொன்றும் வேண்டாம் என்றும் சொன்னார்.

குழு கொதித்தது. காசு கொடுத்து அச்சிடும் தாளை வெறுமையாக விடுவதா, அச்சகத்துப் பிழை என்றல்லவா சனம் நினைக்கும் என்று எதிர்ப்பு வந்தது. ஓவியருக்குத் தன் யோசனைக்காக வாதாடத் தெரியவில்லை. "அப்பிடிப் பார்க்க நல்லாயிருக்கும்" என்பதற்குமேல் அவருக்குச் சொல் வரவில்லை. வாதாடியவர் அந்தப் பிள்ளைதான். கொப்பியைப் பார்த்துக்கொண்டே, "வாழ்த்துச் செய்திக்கு 31 பக்கம் குடுத்திருந்தனீங்கள், சேர். ஊர் இல்லாமல் கிடந்த 266 நாளுக்கு 2 பக்கம் கூடவோ?" என்றார். பொருளாளர் உட்பட ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. வெளியீட்டு விழாவில் அந்த இரண்டு பக்கங்களுக்கு வந்ததும் முன்வரிசையிலிருந்த பலர் புரட்டுவதை நிறுத்தியதை மேடையிலிருந்து பார்த்தேன்.

அந்த யோசனை யாருடையது என்று பிறகு கேட்டேன். ஓவியர் அவரைக் காட்டினார், அவர் ஓவியரைக் காட்டினார். என் கணிப்பில் இருவர் சொன்னதும் சரியே. ஓவியர் தனியாக இருந்திருந்தால் குறிப்பேட்டை எண்ணியிருக்க மாட்டார். எண்ணியவர் தனியாக இருந்திருந்தால் அது ஒரு வரைபடமாகக் கட்டுரைக்குள் போயிருக்கும். பகுத்துப் பார்ப்பவர்கள் கலைக்குழுவில் தடையாக இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பிறர் கண்ணுக்குப் படாமல் கிடப்பதை எண்ணி எடுத்து, கலைஞனின் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் அவர்களுடைய வேலை என்பது எனக்குப் புதிது.

அவர்கள் தங்களுக்குள் வேலை செய்யும் முறையையும் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். யோசனை சொல்லும் அமர்வும் அதைச் சோதிக்கும் அமர்வும் வெவ்வேறு நாட்களில் நடக்கின்றன. முதல் அமர்வில் அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை, சொல்லப்படுவதையெல்லாம் எழுதிக்கொள்கிறார். எவ்வளவு அபத்தமான யோசனையாயினும் அவருடைய முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. அடுத்த நாள் அமர்வு அவருடையது. அன்று ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே செலவு, நாள், யாருக்குப் புரியும், எங்கே உடையும் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். யோசனைகளைப் பெருக்கும் நேரத்தில் தீர்ப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற இந்த விதி, அமெரிக்க விளம்பரத்துறையிலிருந்த அலெக்ஸ் ஒஸ்போர்ன் ஏழு தசாப்தங்களுக்கு முன்னரே வலியுறுத்தியது. பலவாக விரியும் சிந்தனையையும் ஒன்றில் குவியும் சிந்தனையையும் கில்போர்ட் என்ற உளவியலாளர் வேறுபடுத்திக் காட்டியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இவற்றையெல்லாம் படித்துத்தான் செய்கிறீர்களா என்று கேட்டேன். தொடக்கத்தில் ஒரே அமர்வில் பேசியபோது ஓவியத் தம்பி இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போக வெளிக்கிட்டார், அதனால்தான் நாளைப் பிரித்தோம் என்று பதில் வந்தது.

எழுத்து விடயத்தில் அவர் செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலர் வெளியிடும் எவருக்கும் இந்தத் தொல்லை வரும். எங்களுக்கு வந்த கட்டுரைகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை, மீதி யுனிகோட்டில். பாமினியை மாற்றும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. ஒரு சொடுக்கில் முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே விசையில் இருப்பதால், மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. "வெளியீடு" என்பது "வௌியீடு" என்று வந்து விழுகிறது. கண் அதைச் சரியாகவே வாசித்துவிடும். நான் மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தும் பிடிபடவில்லை. அவர் அந்த எழுத்துச் சேர்க்கையைத் தேடிப் பிடித்தபோது 41 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று உட்தலைப்புப் பக்கத்தில். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் "கௌரி" என்ற பெயர் "கெளரி" ஆகிவிடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினார்.

ஏறக்குறைய 1,100 பெயர் கொண்ட அங்கத்தவர் பட்டியலும் அவ்வாறே. கணினி தலைப்பெழுத்தை வைத்து அடுக்கியதால் ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் அருகருகே நிற்க, அயல்வீட்டு நண்பர்கள் பட்டியலின் இரு முனையிலும் கிடந்தார்கள். தலைப்பெழுத்தைப் பிரித்து, பெயரை வைத்து அடுக்கினார். ஜகரத்தில் தொடங்கும் பெயர்களைச் சகரத்தை அடுத்து வைப்பதா, தமிழ் எழுத்துகள் முடிந்தபின் வைப்பதா என்று எங்களிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த அவர்தான் ஏட்டுக்கு ஏடு ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். கணக்குப் பார்க்கும் கண்ணுக்கும் கவிதைக்கும் பகை இருந்திருந்தால் அந்த நூல் செல்லரித்தே போயிருக்கும். திருநெல்வேலியிலுள்ள ஒரு சிறு அறையை அவ்வளவு பெரிய பெயரோடு ஒப்பிடுவது சற்று மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தாமதம். முதல் சந்திப்பிலிருந்து முதல் படத்தைக் கண்ணால் காண எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. ஆண்டுவிழாவுக்குத் திகதி குறித்துவிட்டு, எட்டுக் கிழமையில் மலர் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்த இடம் உதவாது. எல்லா விவரமும் கைக்கு வரும்வரை முடிவெடுக்கத் தயங்குவது அந்தப் பிள்ளையின் குணம். அட்டையின் நிறம் இரண்டில் எது என்ற சிறிய விடயத்துக்கு, இரண்டையும் அச்சிட்டு ஊரில் இருபது பேரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். இருபது பேரில் பத்துப் பேர் ஒன்றையும் பத்துப் பேர் மற்றதையும் சொன்னார்கள். கடைசியில் ஓவியர் ஒரு நிமிடத்தில் முடிவு செய்தார்.

இரண்டாவது, எண்ணுக்குள் அடங்காத மரியாதைகளை அவர் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்துக்கு இரண்டு செய்தி என்ற அவருடைய கணக்கில், ஊர்க் கோயில் குருக்களின் ஆசிச் செய்தியும் ஒரு பக்கத்தின் மேற்பாதிக்குள் போயிருந்தது. கீழ்ப்பாதியில் கடைக்காரர் ஒருவரின் வாழ்த்து. எங்கள் ஊரில் இது நடக்காது. மூன்று ஆசிச் செய்திகளுக்கு முழுப்பக்கம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்திய பின் மாற்றினார். மாற்றியபோதும், அதனால் ஒரு பக்கம் கூடுகிறது, பழைய புகைப்படங்களுக்கான எட்டுப் பக்கம் ஏழாகிறது என்று எழுதித் தந்தார்.

மூன்றாவது, இதுவே எனக்கு மனத்தாங்கலானது. எங்கள் நிலையத்தின் மூத்த அங்கத்தவர், 86 வயது, தன் நினைவுகளை எழுதிக் கொடுத்திருந்தார். வாசிகசாலையின் கூரையைக் கொண்டுபோன புயல் 1963இல் அடித்தது என்று அதில் இருந்தது. புயல் 1964 டிசெம்பரில் அடித்தது, திருத்த வேண்டியதுதான். ஆனால் திருத்தத்தை வேண்டி 14 கேள்விகளைத் தட்டச்சு செய்து, இலக்கமிட்டு, பதிலெழுதக் கோடும் போட்டு அந்த முதியவருக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? பரீட்சைத் தாள் வந்திருக்கிறது, நான் எழுத மாட்டேன், கட்டுரையைத் திருப்பித் தா என்று அவர் சொல்லிவிட்டார். நானும் தலைவரும் அவருடைய வீட்டுக்குப் போய், விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்து, பழைய கதையெல்லாம் கேட்டு, இடையிடையே கேள்விகளைச் செருகி, இருட்டியபின் திரும்பினோம். பதினான்கில் பதினொன்றுக்கு விடை கிடைத்தது. கேள்வி சரியாக இருந்தாலும் அது போய்ச் சேரும் வழி வேறாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டார். அதன்பின் வயது முதிர்ந்தவர்களுக்கான கேள்விகள் தாளில் வரவில்லை. எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன.

புத்தக முதுகில் மலரின் பெயர் இரண்டு மில்லிமீற்றர் விலகியிருப்பதைச் சிலர் கவனித்துக் கேட்டார்கள். அது வடிவமைப்பு நிலையத்தின் கணக்குப் பிழையன்று. 96 தாள்களுக்கு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் முதுகு என்று கணக்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். அச்சகம் கடைசி நேரத்தில் அதே எடையில் சற்றுத் தடித்த வேறு தாளைப் போட்டுவிட்டு எவருக்கும் சொல்லவில்லை. ஆயினும் அச்சுக்குப் போகும் நாளில் ஒருவர் அச்சகத்தில் நிற்பதையும் சேவையில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

அப்போது கட்டணம் பக்கத்துக்கு 400 ரூபாய், அட்டைக்குத் தனியாக 12,000 ரூபாய். எங்களுக்கு மொத்தம் 88,800 ரூபாய் ஆனது. நகரில் இதைவிடக் குறைவாகச் செய்பவர்கள் உண்டு. கேள்விகளுக்கும், தராசுக்கும், குறிப்பேட்டை எண்ணிய மூன்று கிழமைக்கும் தனிக் கட்டணம் இல்லை என்பதையும், தபாற் செலவில் எங்களுக்கு மிஞ்சியது வடிவமைப்புக் கட்டணத்தைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போகிறவர்கள் பழைய குறிப்பேடுகளைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். புகைப்படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்வார்கள், சொன்னபடி செய்வது நல்லது. அறுபது பேர் நிற்கும் ஒரு குழுப்படத்தை அச்சில் முகம் தெரியாது என்று அவர்கள் மூன்று தடவை திருப்பியனுப்பினார்கள்.

விழா முடிந்து ஒரு மாதத்தின்பின் இறுதிப் பற்றுச்சீட்டு வந்தது. அதோடு ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது: அச்சான மலரில் தாங்கள் கண்ட பிழைகள், 7. பெரும்பாலும் புள்ளி விடுபட்டவை, ஒரு படத்தின் கீழ் இடவலம் மாறியது போன்றவை. ஆறாவது, என்னுடைய கட்டுரையில். 1969 யூலையில் சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தியை, சனசமூக நிலையம் புதிதாக வாங்கிய வானொலிப் பெட்டியில் நாங்கள் சிறுவர்கள் கூடியிருந்து கேட்டோம் என்று எழுதியிருந்தேன். குறிப்பேட்டின்படி அந்த வானொலிப் பெட்டி வாங்கப்பட்டது 1970 பெப்ரவரியில். என் பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் எனக்கு அனுப்பியிருந்த கேள்வித்தாளில் 9ஆம் கேள்வியாக அது இருந்தது. அதற்கு நேரே என் கையெழுத்தில், "சரியே, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.